தொண்ணூற்றேழு புள்ளி நாலு

மைக் கரகரவென்று இரைந்தது. இரண்டு வருஷமாக வாய் திறக்காமல் மூலையில் கிடந்த மைக், தொண்டை கட்டாமல் வேறென்ன செய்யும் என்று தோன்றியது கோகிலவாணி டீச்சருக்கு. தோன்றியதுதான் தாமதம், அதைப் பிலோமினாவிடம் சொல்லி இரண்டு பேருமாகச் சிரிக்கலாம் என்று இடது பக்கம் திரும்பியும் விட்டாள். இடது பக்கம் புதிதாக மாற்றலில் வந்த சயின்ஸ் டீச்சர், நோட்டுப் புத்தகத்தால் வெயிலை மறைத்துக்கொண்டு நின்றாள். பிலோமினா போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. புத்திக்குத் தெரிந்தது கழுத்துக்குத் தெரியமாட்டேன் என்கிறது, என்ன பண்ணுவது. பதினாலு வருஷம் இதே பிரேயரில், இதே கொடிக்கம்பத்துக்கு நேராக, பக்கத்தில் பக்கத்தில் நின்றவர்கள். தலைமையாசிரியை அறிவுரை சொல்ல ஆரம்பித்தால் போதும், பிலோமினா உதட்டை அசைக்காமல், "அக்கா, மத்தியானத்துக்கு என்ன கொண்டாந்தீங்க" என்று கேட்பாள். உதட்டை அசைக்காமல் பேசுவது ஒரு வித்தை, அது அவளுக்கு மட்டும்தான் வந்தது. கோகிலவாணி பதில் சொன்னால் தாடை அசைந்து மாட்டிக்கொள்வாள். மாஸ்க் வந்த பிறகு அந்தத் தொந்தரவு இல்லை, உள்ளே என்ன வேண்டுமானாலும் பேசலாம். ஆனால் மாஸ்க் வந்த பிறகு பிரேயரே இல்லாமல் போயிற்று. இன்றைக்குத்தான் முதல் பிரேயர். மைதானத்தில் மஞ்சள் பெயின்டில் போட்டிருந்த வட்டங்களை நேற்றுப் பாதி சுரண்டியிருந்தார்கள், பாதி அப்படியே இருந்தது. வட்டத்துக்கு ஒருத்தியாக நின்று பழகிய பிள்ளைகளுக்குத் தோளோடு தோள் நிற்கக் கூச்சமாக இருந்தது போல, நெளிந்துகொண்டிருந்தார்கள். தலைமையாசிரியை விசாலாட்சி மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சர்க்குலரைப் பிரித்தார்.

மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்த சர்க்குலர். நேற்றுச் சாயங்காலம் ஸ்டாஃப் மீட்டிங்கிலேயே வாசித்ததுதான், இன்றைக்குப் பிள்ளைகளுக்கு. இனிமேல் பெஞ்சுக்கு மூன்று பேர் உட்காரலாம். சாப்பாட்டை ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம். மாஸ்க் போடுவது அவரவர் விருப்பம். வாசலில் காய்ச்சல் பார்க்க வேண்டியதில்லை. அதற்கான பதிவேடுகளைப் பராமரிக்க வேண்டியதில்லை. இந்தக் கடைசி வரியைத்தான் நேற்று ராத்திரி பூராவும் கோகிலவாணி மனசுக்குள் திருப்பித் திருப்பி வாசித்தாள். ஆபீஸ் வராந்தாவில் பெஞ்சின் மேல் அந்தப் பதிவேடுகளைக் கொண்டுவந்து அடுக்கியிருந்தார்கள். பழுப்பு அட்டை போட்ட நீள நோட்டு, மொத்தம் பதினொன்று. பிரேயர் முடிந்ததும் வாட்ச்மேன் ரங்கசாமி எடுத்துப்போய் இலை எரிக்கும் குழியில் போட்டுக் கொளுத்திவிடுவார். அப்படித்தான் மேடம் சொல்லியிருக்கிறார், இடத்தை அடைச்சுக்கிட்டு எதுக்கு என்று. எரிந்துவிட்டால் நல்லதுதானே, எரியட்டுமே, உனக்கென்ன வந்தது என்று ஒரு மனசு சொல்லிற்று. இந்த மனசுதான் ஒரு வருஷமாக அவளுக்குச் சோறு போட்டு, தூங்க வைத்து, பாடம் நடத்தவும் வைத்தது. இன்னொரு மனசு பஸ்ஸில் ஏறியதிலிருந்து ஒரே பாட்டாகப் பாடியது: இன்றைக்கு ஆக்னஸிடம் சொல்லிவிடு, நோட்டு எரிவதற்குள் சொல்லிவிடு. எரிந்த பிறகு சொன்னால் அதற்குப் பேர் தைரியமில்லை. ஆக்னஸ் பிலோமினாவின் பெரிய மகள், இதே பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்பு. கோகிலவாணியின் கண் பன்னிரண்டாம் வகுப்பு வரிசைக்குப் போயிற்று. தேடவே வேண்டாம். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மாஸ்க் போட்டவள் அந்த மைதானத்தில் அவள் ஒருத்திதான்.

வாசலில் காய்ச்சல் பார்க்கும் வேலை கோகிலவாணிக்கு எப்படி வந்தது என்றால், கணக்கு டீச்சர், நம்பர் விஷயம், நீங்களே பாருங்கள் என்று தலையில் கட்டிவிட்டார்கள். துப்பாக்கி மாதிரி ஒரு மிஷின். நெற்றிக்கு நேராக நீட்டி விசையை அழுத்தினால் கீக் என்று ஒரு சத்தம், பின்னால் எண் தெரியும். பிள்ளைகள் சுட்டதும் செத்து விழுவது போல நடிக்கும், அவளும் சிரிப்பாள். தேதி, வரிசை எண், பேர், வகுப்பு, வெப்பநிலை என்று ஐந்து கட்டம். டீச்சர்களாக இருந்தால் பக்கத்தில் கையெழுத்து. பத்து நாள் ஒழுங்காக நடந்தது. பதினோராவது நாள் மிஷின் பொசுக்கென்று அணைந்துவிட்டது. பேட்டரி, வேறொன்றுமில்லை, இரண்டு பென்சில் பேட்டரி. மேடத்திடம் போய்ச் சொன்னாள். "செலவுக்கு எழுதிக் குடுங்க டீச்சர், வந்ததும் மாத்திக்கலாம். அதுவரைக்கும் ரெஜிஸ்டர் நிக்கக் கூடாது பாத்துக்குங்க." அவ்வளவுதான் சொன்னார். பொய் எழுது என்று யாரும் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் ரெஜிஸ்டர் நிற்கக் கூடாது என்றால் என்ன அர்த்தம் என்று தெரியாதவள் யார் இருக்கிறாள். அடுத்த நாள் அணைந்த மிஷினை ஒவ்வொரு நெற்றிக்கும் நீட்டினாள், விசையை அழுத்தினாள், சத்தம் வரவில்லை என்று கேட்ட பிள்ளையிடம், சத்தத்த ஆஃப் பண்ணி வெச்சிருக்கு, போ போ என்றாள். சாயங்காலம் உட்கார்ந்து எண் போட்டாள். அதில் ஒரு நேர்த்தி வேறு. எல்லாருக்கும் ஒரே எண் போட்டால் பார்க்கிறவனுக்குச் சந்தேகம் வராதா, ஆகவே தொண்ணூற்றேழு புள்ளி இரண்டு, தொண்ணூற்றேழு புள்ளி எட்டு, நடுவில் ஒரு தொண்ணூற்றெட்டு, பின்னால் வந்தவர்கள் வெயிலில் வந்தவர்கள் அல்லவா, அவர்களுக்கு ஒரு புள்ளி கூட. சராசரி எடுத்தால் கூட யோக்கியமாக நிற்கும். ஆய்வுக்கு வந்த அதிகாரி நாலு பக்கம் புரட்டிவிட்டு, கணக்கு டீச்சருன்னா கணக்கு டீச்சர்தான், என்ன சுத்தமா வெச்சிருக்காங்க பாருங்க என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அவளுக்குப் பெருமையாக இருந்தது. அதை நினைக்கும்போதுதான் இப்போதும் காது மடல் எரிகிறது. அன்றைக்குச் சாயங்காலம், வீட்டுச் சுவர்க்கடிகாரம் நின்றுபோயிருந்ததால், பஸ் ஸ்டாண்டு முக்குக் கடையில் இறங்கி இரண்டு பென்சில் பேட்டரி வாங்கிப்போய்ப் போட்டாள். அதே பேட்டரி. அதே அளவு. கடைக்காரன் வேறு ஏதாவது வேணுங்களா டீச்சர் என்று கேட்டான், வேண்டாம் என்று சொன்னாள். கடிகாரம் இன்றைக்கும் நன்றாக ஓடுகிறது.

மேடம் சானிடைசர் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். வெயில் பின்கழுத்தில் ஏறியது. அந்த வியாழக்கிழமையும் இதே வெயில்தான், போன பங்குனி. பிலோமினாவும் ஆக்னஸும் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார்கள். ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு அம்மாவும் மகளும் வாசலுக்கு வந்தபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை, அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஆக்னஸ் சொல்பேச்சு கேட்காமல் சிநேகிதி வீட்டுப் பிறந்தநாளுக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. பிலோமினா குனிந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, "எனக்கு எத்தனைங்க்கா போடப்போறீங்க" என்றாள் மெதுவாக. அவளுக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். "நீ எப்பவும் சூடுதானடி, உனக்குத் தொண்ணூத்தெட்டு" என்றாள் கோகிலவாணியும், தள்ளி நின்ற ஆக்னஸுக்குக் கேட்காமல். இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை என்ன செய்வது, எங்கே கொண்டுபோய்ப் போடுவது. நாலாவது வரி பிலோமினா, ஐந்தாவது வரி ஆக்னஸ். அப்புறம் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் தள்ளி, பதினேழாவது வரி, தமயந்தி. பத்தாம் வகுப்பு பி பிரிவு. கண் சிவந்திருந்தது. அதைப் பார்த்தாள். பார்க்கவில்லை என்று ஒருநாளும் அவள் தனக்குச் சொல்லிக்கொண்டதில்லை, அந்த மட்டும் சரி. "என்ன புள்ள, கண்ணு செவந்திருக்குது." "வெயிலுங்க டீச்சர்." மணி அடித்துவிட்டது, மேடம் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், பின்னால் நாற்பது பேர். அணைந்த மிஷினை நெற்றிக்கு நீட்டினாள். நீட்டின கைக்கும் நெற்றிக்கும் நடுவே நாலு விரற்கடை தூரம். கையை அந்த நாலு விரற்கடை நகர்த்தித் தொட்டுப் பார்த்திருந்தால் போதும். தொடக் கூடாது என்று விதி. விதியை மதித்தாள், பாருங்கள், அதை மட்டும் மதித்தாள். ம், போ என்றாள். பதினோரு மணிக்குப் பிலோமினாவின் வரலாற்று வகுப்பில் அந்தப் பிள்ளை பெஞ்சில் சாய்ந்துவிட்டது. விதியாவது ஒன்றாவது என்று பிலோமினா அதன் நெற்றியில் கையை வைத்தாள், அள்ளித் தோளில் சாய்த்துக்கொண்டு போய் லேபுக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் படுக்கவைத்து, தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் கொடுத்து, அப்பன் வந்து கூட்டிக்கொண்டு போகிற வரை இரண்டு மணி நேரம் மடியிலேயே வைத்திருந்தாள். மாஸ்க்கை இழுத்துவிட்டுவிட்டு அந்தப் பிள்ளை அவள் புடவையில் வாந்தி எடுத்தது. வெயில் மயக்கம் என்று ஆபீஸில் சொன்னார்கள், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மனசு கேட்காமல் அடுத்த வாரம் கோகிலவாணி அந்த அப்பனுக்குப் போன் போட்டாள். "வீட்ல நாலு பேருக்கும் வந்துருச்சுங்க டீச்சர், இப்பப் பரவால்லீங்க" என்றான். அந்த வியாழக்கிழமைச் சாயங்காலமே பதினேழாவது வரியில் அவள் தொண்ணூற்றேழு புள்ளி ஆறு என்று ஏற்கெனவே போட்டு முடித்திருந்தாள்.

தமயந்தி இப்போது பதினோராம் வகுப்பு, அதோ நிற்கிறாள், பக்கத்துப் பொண்ணின் சடையை இழுத்து விளையாடுகிறாள். நல்லா இருக்கட்டும். நல்லா இருக்கட்டும் என்று சொல்லும்போதே ஏதோ நெஞ்சில் கரிக்கிறது, அதையும் மறைக்க முடியவில்லை. பிலோமினாவுக்குச் செவ்வாய்க்கிழமை காய்ச்சல். வீட்டில் எல்லாருக்கும் டெஸ்ட் எடுத்தார்கள், பிலோமினாவுக்கும் ஆக்னஸுக்கும் இருக்கிறது என்று வந்தது. ஆக்னஸுக்கு ஒன்றுமே பண்ணவில்லை, வாசனை மட்டும் தெரியாமல் போயிற்றாம், அதுவும் எப்போதிருந்து தெரியாமல் போனது என்று அவளுக்கே தெரியவில்லை. சிநேகிதி வீட்டில் அதே வாரம் யாருக்கோ வந்தது. ஆக, வீட்டுக்கு யார் கொண்டுவந்தது என்று கேட்டவர்களுக்குப் பதில் கைவசம் இருந்தது. பதிமூன்றாம் நாள் பிலோமினா செத்துப்போனாள். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தடவை பேசினாள். மூச்சு வாங்கியது, நடுநடுவே நிறுத்தி, "அக்கா, பத்தாவதுக்கு ரெண்டு பாடம் பாக்கி, யாரையாச்சும் எடுக்கச் சொல்லுங்க" என்றாள். தமயந்தி பேரை அவளும் எடுக்கவில்லை, இவளும் எடுக்கவில்லை. அடக்கத்தைப் போனில்தான் பார்த்தாள், பிளாஸ்டிக் சுற்றி இறக்கினார்கள், அதற்குள் சிக்னல் போய்விட்டது. அப்புறம் முப்பதாம் நாள் வீட்டுக்குப் போனபோது பிலோமினாவின் நாத்தனார் வாசலிலேயே நின்றுகொண்டு, வந்தவர்கள் எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்: "ஊர் சுத்திட்டு வந்து பெத்தவள வாரிக் குடுத்துட்டா." அந்தப் பொண்ணு உள்ளே கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. கோகிலவாணிக்கும் கேட்டது. காபி டம்ளர் கையில் இருந்தது. குடித்தாள். ஆமாம், குடித்தாள், சக்கரை தூக்கலாக இருந்தது கூட ஞாபகம் இருக்கிறது. பள்ளிக்கூடம் திறந்த பிறகு ஒருநாள் லேப் மாடிப்படித் திருப்பத்தில் ஆக்னஸ் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து, என்ன கண்ணு இங்க உக்காந்திருக்கே என்று போய்ப் பக்கத்தில் உட்காரப் போனாள். அது டப்பாவை மூடிவிட்டு நாலு படி தள்ளிப் போய் உட்கார்ந்தது. "பக்கத்துல வராதீங்க பெரியம்மா. நான்தானுங்க அம்மாவக் கொன்னது." அழவில்லை, பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரி சொன்னது. இரண்டாம் வகுப்புப் படிக்கிற தங்கச்சி செலின், அக்கா கூடப் படுக்கணும் என்று அழுதாலும் கிட்டே சேர்ப்பதில்லையாம், தட்டு தனி, டம்ளர் தனி. அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் படியிலேயே உட்கார்ந்து, இல்ல சாமி, அன்னிக்கு வாசல்ல நான்தான் ஒருத்திய விட்டேன், உங்கம்மா அவளைத்தான் மடியில வெச்சிருந்தா என்று சொல்லியிருக்க வேண்டும். கோகிலவாணி சொன்னது இதுதான்: "அப்படியெல்லாம் சொல்லக் கூடாது கண்ணு." சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டாள். எண் போட்டது கூடப் பெரிசில்லை, ஊரே போட்டது. இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் மன்னிப்பு இல்லை என்று அவளுக்குத் தோன்றும்.

கணக்கு டீச்சர் அல்லவா, கணக்கும் போட்டுப் பார்த்துவிட்டாள். ஒரு பையில் மூன்று சிவப்புப் பந்தும் இரண்டு நீலப் பந்தும் என்று பிள்ளைகளுக்கு எழுதிப் போடுகிற கணக்குதான். தமயந்தியிடமிருந்து வந்திருக்கலாம், ஆக்னஸிடமிருந்து வந்திருக்கலாம், இரண்டுமில்லாமல் சந்தையில் வெங்காயம் வாங்கினபோது வந்திருக்கலாம். பாதி என்று வைத்துக்கொண்டால் பாதிப் பாவம், மூன்றில் ஒன்று என்றால் அதற்குத் தகுந்த பாவம். பஸ்ஸில் நின்றுகொண்டே இதைப் போடுவாள், சாம்பாருக்குத் தாளிக்கும்போது போடுவாள், விடை வராது. பிலோமினாவை எந்தப் பந்து என்று எடுப்பது. வீட்டுக்காரரிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "இப்ப அதக் கிளறி என்னாகப் போகுது, மெமோ குடுப்பான், விசாரணைம்பான், ரிட்டயர்டாக இன்னும் பன்னெண்டு வருஷம் இருக்குது. செத்தவங்க வரப்போறாங்களா" என்றார். மெமோவுக்கா பயந்தாள். மெமோவுக்கும்தான் பயந்தாள். ஆனால் அதைவிட, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அவள் கொண்டுபோகிற தக்காளிச் சாதத்தை ஆக்னஸ் வாங்கிக்கொள்கிறது, டப்பாவைக் கழுவித் திருப்பித் தருகிறது, பெரியம்மா என்று கூப்பிடுகிறது. சொன்ன அடுத்த நிமிஷம் அந்தக் கண் எப்படிப் பார்க்கும், அதற்குத்தான் பயம். பிலோமினாவிடமிருந்து மிச்சம் இருப்பது அந்த ஒரு கூப்பிடல்தான். அதைக் காப்பாற்றிக்கொள்ள அந்தப் பிள்ளையை நாலு படி தள்ளியே உட்காரவைத்திருக்கிறாள் ஒரு வருஷமாக. நினைத்துப் பார்த்தால் அவளுக்கே அவளைப் பிடிக்கவில்லை.

"யாருக்கு விருப்பமோ அவங்க இப்பவே மாஸ்க்கைக் கழட்டிக்கலாம்" என்றார் மேடம். ஒரு நொடி யாரும் அசையவில்லை. அப்புறம் ஆறாம் வகுப்பில் ஒன்று கழற்றியது, அதைப் பார்த்து இன்னொன்று, அப்புறம் மொத்த மைதானமும். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக் கெக்கெக்கே என்று சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். இவளுக்குப் பல்லு இப்படியா, இவளுக்கு மச்சம் இருக்குதா, ஏய் நீ இப்படியா இருப்பே. கோகிலவாணிக்கே அவள் வகுப்புப் பிள்ளைகள் பாதிப் பேரை அடையாளம் தெரியவில்லை, கண்ணை வைத்து இத்தனை நாளாக ஒரு முகம் கற்பனை பண்ணி வைத்திருந்தாள், ஒன்றுகூடப் பொருந்தவில்லை. அழகாக இருந்தார்கள் எல்லாரும். இதைப் பார்க்கப் பிலோமினாவுக்குக் கொடுத்துவைக்கவில்லையே. பி.இ.டி. டீச்சர் சந்திரா விசிலை வாயில் வைத்தபடி வரிசை வரிசையாக வந்தவள், பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்ததும் நின்றாள். "ஏம்புள்ள, உனக்குத் தனியாச் சொல்லணுமா. ஒண்ணுக்கு ரெண்டு போட்டிருக்கே. கழட்டு, சர்க்குலரே வந்துருச்சு." எண்ணூறு முகமும் திரும்பிப் பார்த்தது. ஆக்னஸ் இரண்டு கையாலும் மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு ஒரு அடி பின்னால் போயிற்று, பின்னால் நின்றவள் மேல் பட்டுவிடாமல் இருக்க உடம்பைக் குறுக்கியது. "விருப்பம்னுதானே டீச்சர் போட்டிருக்குது, விடுங்க" என்று கோகிலவாணி இங்கிருந்தே சொன்னாள். குரல் சத்தமாக வந்துவிட்டது. சயின்ஸ் டீச்சர் திரும்பிப் பார்த்தாள். சந்திரா தோளைக் குலுக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனாள், விசில் அடித்தது, வகுப்பு வகுப்பாகக் கலைந்து போக ஆரம்பித்தார்கள்.

வராந்தாவுக்கு அவள் எப்படி வந்தாள் என்று தெரியவில்லை, கால் கொண்டுவந்து விட்டது. அடுக்கில் மேலிருந்து ஐந்தாவது நோட்டு, போன பங்குனி. முதுகு அட்டையில் அவள் கையெழுத்திலேயே மாதம் எழுதி ஒட்டியிருந்தது. உருவி எடுத்துப் பிரித்தாள். வியாழக்கிழமைப் பக்கம் தானாகவே திறந்தது, அத்தனை தடவை பிரித்துப் பிரித்து மூடியிருக்கிறாள். அதைக் கையில் வைத்துக்கொண்டே பன்னிரண்டாம் வகுப்புக் கட்டிடத்துக்குப் போவது, ஆக்னஸை வெளியே கூப்பிடுவது, பக்கத்தைக் காட்டி இது பூராவும் பொய் என்று ஆரம்பிப்பது. அப்படி ஆரம்பித்துவிட்டால் மற்றது தன்னால் வந்துவிடும். நிமிர்ந்தபோது ஆக்னஸ் வராந்தாப் படிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தது. வழக்கம்போல நாலு அடி தள்ளி.

"பெரியம்மா."

"சொல்லு கண்ணு. நானே உன்னயப் பாக்கத்தான் வந்தேன்."

"இந்த ரெஜிஸ்டரெல்லாம் எரிக்கப் போறாங்களாமா."

"ஆமா. அதப் பத்தித்தான் உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும்."

"எனக்கு இதுல ஒரு பக்கம் வேணுங்க பெரியம்மா. குடுப்பீங்களா." ஆக்னஸ் தேதியைச் சொன்னது. "நாலாவது வரி அம்மா. அம்மா கையெழுத்து இருக்குது. அஞ்சாவது வரி நான். அம்மாவுக்குத் தொண்ணூத்தெட்டு, எனக்குத் தொண்ணூத்தேழு புள்ளி நாலு. ஸ்கூல் தெறந்தப்ப ஸ்டாஃப் ரூமுக்கு நோட்டு எடுக்க வந்தனுங்களா, அன்னிக்குப் பாத்தேன்."

கோகிலவாணி நோட்டை மூடப் போனாள். விரல் பக்கத்துக்குள்ளேயே இருந்தது.

"அத்தை என்னயச் சொல்றப்பெல்லாம் அதத்தான் நெனச்சுக்குவேன்" என்றது ஆக்னஸ். மாஸ்க்குக்குள்ளிருந்து குரல் அமுங்கி வந்தது. "அன்னிக்கு எனக்குக் காய்ச்சல் இருந்திருந்தா மிஷின் காட்டியிருக்குமில்லீங்களா. ஞாயித்துக்கிழமை போனேன், வியாழக்கிழமை வரைக்கும் ஒண்ணுமில்ல. அப்ப நான் குடுத்திருக்க மாட்டேன்னு நெனச்சுக்குவேன். சில நாளு நம்பிக்கை வருது. சில நாளு வரமாட்டேங்குது. அந்தப் பக்கம் கையில இருந்துச்சுன்னா எடுத்து எடுத்துப் பாத்துக்குவேன். செலினக் கூடப் பக்கத்துல படுக்க வெச்சுக்கலாம்னு இருக்குது."

அப்போதுதான் கோகிலவாணிக்குக் கணக்கு முழுசாகத் தெரிந்தது. தமயந்தி பேரைச் சொன்னால் இவள் அதே பக்கத்தில் தமயந்தியைத் தேடுவாள். பதினேழாவது வரியில் தொண்ணூற்றேழு புள்ளி ஆறு இருக்கும். காய்ச்சல்காரிக்கு எப்படி இந்த எண் வந்தது என்று கேட்பாள், அதற்கு அணைந்த மிஷினைச் சொல்ல வேண்டும். மிஷின் அணைந்தது என்றால் ஐந்தாவது வரியும் போயிற்று. அன்றைக்கு இவள் நெற்றி சுட்டதா சுடவில்லையா, அது உலகத்தில் யாருக்கும் தெரியாது, இரண்டு பென்சில் பேட்டரி இருந்திருந்தால் தெரிந்திருக்கும். கொண்டுவந்து கொடுக்கலாம் என்று ஒரு வருஷம் சுமந்த உண்மை, இந்தப் பிள்ளை பிடித்துக்கொண்டு நிற்கிற ஒரே கொம்பையும் ஒடித்துவிடும். சரி, ஒடிந்தால் ஒடியட்டும், உண்மை உண்மைதானே என்று சொல்ல வாய் திறந்தாள்.

"பெரியம்மா, நீங்க பாத்துத்தானுங்களே போட்டீங்க."

"பாத்துத்தான் போட்டேன் கண்ணு."

"நல்லாப் பாத்தீங்களா."

"ரெண்டு தடவ பாத்தேன்."

அந்த இரண்டு தடவை எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாது. எண் போடுகிறவளுக்கு எண் தன்னால் வந்துவிடும் போல. பக்கத்தின் ஓரத்தை மடித்து நகத்தால் நீவி, கோணாமல் கிழித்தாள். ஆக்னஸ் படியேறி வந்தது. நாலு அடி, மூன்று அடி, பக்கத்தில். வந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, பிலோமினாவின் கையெழுத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்து, நாலாக மடித்துப் பைக்குள் வைத்தது. மேல் மாஸ்க்கைக் கழற்றி அதே பைக்குள் போட்டது. அடியில் இருந்ததைக் கழற்றவில்லை. "வரட்டுங்களா பெரியம்மா" என்று சொல்லிவிட்டு மைதானத்தைக் குறுக்கே கடந்து ஓடியது, அது ஓடிப் பார்த்து ஒரு வருஷமாயிற்று. ரங்கசாமி வந்து மிச்ச நோட்டுகளை மார்போடு அணைத்துத் தூக்கினார், இதையும் வெச்சிருங்க டீச்சர் என்று அவள் கையிலிருந்ததையும் வாங்கி மேலே வைத்துக்கொண்டார். கோகிலவாணி வெறுங்கையோடு நின்றாள். இனிமேல் இதை யாரிடமும் சொல்ல முடியாது. வீட்டுக்காரரிடம் முடியாது, மேடத்திடம் முடியாது, என்றைக்காவது அந்தப் பிள்ளை காதுக்குப் போய்விடும். பிலோமினாவின் கல்லறைக்குப் போய்ச் சொல்லலாம் என்றால், அவளே இப்படித்தான் சொல்லச் சொல்லியிருப்பாள், என் புள்ள நல்லா இருந்தாப் போதுமுங்க்கா என்றுதான் சொல்லியிருப்பாள் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஆறுதலாக இருக்கிறதே என்று பயமாகவும் இருந்தது, அதுவும் அவள் மிஷினைப் பார்க்காமல் போட்ட எண்ணோ என்னவோ.